ஆறாவது டாங்கிப் படையின் தளபதி எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சோவியத் டாங்கிப் படைத் தளபதிகளைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த முழுப்பக்கக் கட்டுரையைப் படித்தோம். கத்துகோவ், பக்தானோவ், ரிபால்கோ, லெலியுஷென்கோ, ரோத்மிஸ்திரோவ் என ஐந்து பேரின் படம் போட்டு, ஐந்து பேரின் வாழ்க்கையையும் எழுதியிருந்தீர்கள். இரண்டாம் உலகப் போர் முடியும்போது சோவியத் யூனியனிடம் இருந்தவை ஆறு டாங்கிப் படைகள். ஆறாவது படையை 1944 ஜனவரியில் தொடங்கிக் கடைசிவரை நடத்தியவர் கர்னல் ஜெனரல் அந்திரேய் கிரிகோரியேவிச் கிராவ்சென்கோ. கட்டுரையில் அவர் பெயர் ஓரிடத்தில்கூட இல்லை. 'பிராகா நகரத்தோடு சோவியத் டாங்கிப் படைகளின் வேலை முடிந்தது' என்று வேறு எழுதியிருக்கிறது. முடியவில்லை. மூன்று மாதம் கழித்து, 1945 ஆகஸ்டில், ஆயிரம் கவச வண்டிகளோடு ஒரு மலைத்தொடரைத் தாண்டிப் போனவர் கிராவ்சென்கோ. அதைத் திருத்தவே இந்தக் கடிதம்.

பெட்டிச் செய்தியில் இருந்த ஒரு வரியிலிருந்து தொடங்குகிறோம், ஏனென்றால் அதுவும் கிராவ்சென்கோவைச் சேர்ந்ததுதான். 'டி-34 டாங்கிகள் தெஸ்னா ஆற்றை நீந்திக் கடந்தன' என்று அச்சாகியிருக்கிறது. டி-34 நீந்தாது. 30 டன் இரும்பு அது. 1943 அக்டோபர் தொடக்கத்தில் அந்த வண்டிகள் ஆற்றின் தரையில் ஊர்ந்து போயின. நீந்துவதற்கும் ஊர்வதற்கும் உள்ள வேறுபாடுதான் அந்தச் செயலின் அருமை.

நிலைமை இது. கீவ் நகரத்துக்குத் தெற்கே புக்ரின் வளைவில் நீப்பர் நதியைத் தாண்டிய படைகள் மேட்டுப்பள்ளத்தில் சிக்கி முன்னேற முடியாமல் நின்றன. நகரத்துக்கு வடக்கே லூத்தேஜ் என்ற ஊரருகே காலாட்படை சின்னதாக ஒரு கரையைப் பிடித்து வைத்திருந்தது. அங்கே டாங்கி வேண்டும். கிராவ்சென்கோவின் 5-ஆவது காவலர் டாங்கிக் கோர் பக்கத்தில்தான் இருந்தது. ('கோர்' என்பது பல பிரிகேடுகள் சேர்ந்த பெரும்பிரிவு, முழுபலத்தில் இருநூறு டாங்கி அளவு இருக்கும். சில கோர்கள் சேர்ந்தது ஒரு டாங்கிப் படை. 'காவலர்' என்பது நன்றாகப் போரிட்ட பிரிவுகளுக்குத் தரப்பட்ட சிறப்புப் பெயர்.) ஆனால் நீப்பருக்குப் போகும் வழியில் தெஸ்னா குறுக்கே ஓடியது. 30 டன் தாங்கும் பாலம் இல்லை. பாலம் கட்டப் பல நாள் ஆகும். அதற்குள் ஜெர்மானியர்கள் அந்தக் கரையைத் துடைத்துவிடுவார்கள்.

லெத்கி என்ற கிராமத்தருகே ஆழம் பார்த்தார்கள். சுமார் 300 மீட்டர் அகலம். ஆழம் 2 மீட்டர். டி-34 முன்தயாரிப்பு எதுவும் இல்லாமல் இறங்கக்கூடிய ஆழம் 1.3 மீட்டர். வண்டியின் மொத்த உயரமே ஏறக்குறைய 2.4 மீட்டர். அதாவது, உள்ளே இறங்கினால் டரட்டின் (பீரங்கி பொருத்திய சுழலும் மேற்கூண்டின்) மேல்பகுதி மட்டும் ஒரு முழம் வெளியே தெரியும்.

இதில் எங்கெல்லாம் தப்பு நடக்கும் என்று பார்த்தால்தான் செய்த வேலையின் அளவு புரியும். டி-34-இன் டீசல் எஞ்சின் பின்பக்கத் தளத்தில் உள்ள இடுக்குகள் வழியாகக் காற்றை இழுக்கிறது. அவற்றை அடைத்தால் எஞ்சின் மூச்சுத் திணறும். திறந்து வைத்தால் தண்ணீர் கொட்டும். எனவே பின்தளத்து இடுக்குகள், ஓட்டுநரின் முன்பக்க மூடி, டரட்டும் உடலும் சேரும் வளைய இடைவெளி எல்லாவற்றையும் மசகிலும் தாரிலும் ஊறிய சணலும் தார்ப்பாயும் திணித்து அடைத்தார்கள். காற்றுக்குத் திறந்திருந்த ஒரே வழி டரட்டின் மேல்மூடி. எஞ்சின் அந்த வழியாக, ஆட்கள் உட்கார்ந்திருக்கும் அறையைக் கடந்து மூச்சு வாங்கியது. புகைக்குழாய்களுக்குக் கித்தான் துணியில் நீண்ட உறை தைத்து மேல்நோக்கிக் கட்டினார்கள்.

அடைத்தாகிவிட்டது என்றால் குளிர்விக்கும் காற்றும் நின்றுவிடும். எஞ்சின் சூடேறும். ஆகவே நிற்காமல் கடந்துவிட வேண்டும். வேகமாகவும் போகக்கூடாது, முன்னால் அலை எழும்பி டரட் மூடிக்குள் ஊற்றும். தாழ்ந்த கியரில் ஒரே சீராகப் போக வேண்டும். நடு ஆற்றில் கியர் மாற்றக்கூடாது, ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்கக்கூடாது. எஞ்சின் நின்றால் புகைக்குழாய் வழியே தண்ணீர் ஏறும். சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்த எஞ்சினை மறுபடி சுழற்றினால், தண்ணீர் அமுங்காது என்பதால், கனெக்டிங் ராட் வளையும். அந்த வண்டி அதோடு போயிற்று. அதைவிட மோசம், பின்னால் வரும் வண்டிகளுக்கு வழியும் அடைபட்டது. தண்ணீருக்குள் எடை குறைவதால் பட்டைச் சங்கிலிக்கு மணலில் பிடிப்பும் குறையும். சற்றே திரும்பினாலும் பள்ளத்தில் இறங்கிவிடும்.

அதனால் ஆற்றில் இரண்டு வரிசையாகக் கம்பு நட்டு வழி குறித்தார்கள். ஓட்டுநருக்கு ஒன்றும் தெரியாது. இருட்டில், கால்வரை ஏறும் குளிர்ந்த தண்ணீரில் அவர் உட்கார்ந்திருந்தார். டரட்டுக்கு மேலே நின்ற அதிகாரி கம்புகளைப் பார்த்து 'இடம், வலம்' என்று சொல்லச் சொல்ல ஓட்டினார். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள் நம் ஊரில். இங்கே ஆழம் தெரிந்தே விட்டார்கள். சில மணி நேரத்தில் அறுபது, எழுபது டாங்கிகள் இப்படிக் கரையேறின. அடுத்து நீப்பர். அங்கே ஆழம் அதிகம், இந்த வித்தை நடக்காது. கிடைத்த இரண்டு பெரிய படகுகளில், படகுக்கு மூன்று டாங்கியாக ஏற்றி லூத்தேஜில் இறக்கினார்கள். மூன்று டி-34 என்றால் 90 டன். முதல் வண்டி ஏறும்போது படகின் ஒரு பக்கம் தாழும். சரியான இடத்தில் நிறுத்தாவிட்டால் மூன்றாவது வண்டி ஏறும்முன் கவிழும்.

அக்டோபர் இறுதியில் ரிபால்கோவின் 3-ஆவது காவலர் டாங்கிப் படை புக்ரினிலிருந்து லூத்தேஜுக்கு இரகசியமாக மாற்றப்பட்டதைத் தங்கள் கட்டுரை விரிவாகச் சொல்கிறது. அது சரியான செய்தி, அருமையான செயலும்கூட. ஆனால் ரிபால்கோ வந்து இறங்க ஒரு கரை இருந்தது என்றால், அதைக் காத்து விரிவாக்கியவர்களில் ஒரு மாதம் முன்பே வந்துவிட்ட கிராவ்சென்கோவின் ஆட்களும் உண்டு. நவம்பர் 6-ஆம் தேதி கீவ் மீட்கப்பட்டது. நகர மையத்துக்குள் முதலில் நுழைந்ததாகக் கருதப்படும் டாங்கியும் அவருடைய கோரில் 22-ஆவது காவலர் பிரிகேடைச் சேர்ந்தது. அதன் தலைவர் நிகிஃபோர் ஷொலுதென்கோ அந்தச் சண்டையிலேயே இறந்தார். கிராவ்சென்கோவுக்கு முதல் 'சோவியத் யூனியன் வீரர்' பட்டம் 1944 ஜனவரி 10-ஆம் தேதி இதற்காகத்தான் கிடைத்தது. அவர் பிறந்த சுலிமின் என்ற சிற்றூர் கீவுக்குக் கிழக்கே, யாகொதின் பக்கம் இருக்கிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். சொந்த மண்ணின் ஆறுகள் அவை.

முந்தைய வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். பிறப்பு 1899 நவம்பர் 30. செஞ்சேனையில் 1918 முதல். பல்தாவா காலாட்படைப் பள்ளி, பிறகு 1928-இல் ஃப்ரூன்ஸே இராணுவக் கல்விக்கழகம். நெடுநாள் கவசப் படைப் பள்ளிகளில் ஆசிரியர். 1941 இலையுதிர்காலத்தில் 31-ஆவது டாங்கி பிரிகேடின் தலைவர். அந்த ஆண்டு நவம்பர் 7-ஆம் தேதி செஞ்சதுக்கத்தில் அணிவகுத்து அப்படியே போர்முனைக்குப் போன படைகளில் அந்தப் பிரிகேடும் ஒன்று. 1942 நவம்பரில் ஸ்டாலின்கிராடைச் சுற்றி வளைத்தபோது வடமேற்கிலிருந்து இறங்கிய 4-ஆவது டாங்கிக் கோர் அவருடையது. தென்கிழக்கிலிருந்து வந்தது வோல்ஸ்கியின் 4-ஆவது எந்திரக் கோர். இரண்டும் நவம்பர் 23-ஆம் தேதி சவியெத்ஸ்கி என்ற ஊரில் சந்தித்தபோது வளையம் மூடியது. தங்கள் கட்டுரையில் 'இரு படைகள் சந்தித்தன' என்று மட்டும் இருக்கிறது. அவற்றில் ஒன்று யாருடையது என்பதாவது இருந்திருக்கலாம். 4-ஆவது கோர்தான் 1943 பிப்ரவரியில் 5-ஆவது காவலர் கோர் என்று பெயர் மாறியது.

வெற்றிகளை மட்டும் அடுக்கினால் அது வாழ்க்கை வரலாறு ஆகாது. 1943 ஜூலை 6-ஆம் தேதி, குர்ஸ்க் போரின் இரண்டாம் நாள், லுச்கி கிராமத்தருகே இதே கோர் ஜெர்மனியின் எஸ்.எஸ். 'தாஸ் ரைஷ்' டாங்கிப் பிரிவிடம் பலத்த அடி வாங்கியது. உளவு பார்க்கவும் தயாராகவும் போதிய நேரம் இல்லாமல் எதிர்த்தாக்குதலுக்கு அனுப்பப்பட்ட பிரிகேடுகளைப் பக்கவாட்டில் சுற்றிவந்து வளைத்துக்கொண்டார்கள். இரவில் உடைத்துக்கொண்டு வெளியே வந்தபோது டாங்கிகளில் பெரும்பகுதி இல்லை. அந்தக் கோரில் நேச நாடுகளின் கடன்-குத்தகை உதவி ஏற்பாட்டில் வந்த பிரிட்டிஷ் சர்ச்சில் டாங்கிகள்கூட ஒரு ரெஜிமென்ட் இருந்தன. தடித்த கவசம், மெதுவான நடை. டி-34-ஓடு ஒரே வரிசையில் அவற்றை ஓட்டுவது மாட்டு வண்டியையும் பேருந்தையும் ஒரே கயிற்றில் கட்டுவது போல. இந்த ஒரு நாளிலிருந்து கிராவ்சென்கோ கற்றது அவருடைய பிற்காலச் செயல்களில் தெரிகிறது என்பது எங்கள் கருத்து. பிறகு அவர் பெரும் பிரிவை மொத்தமாக இறக்குவதைவிட, முன்னே ஒரு கலப்புப் பிரிவை அனுப்பி வழி பார்க்கும் பழக்கத்தை விடவே இல்லை.

அதற்கு நல்ல எடுத்துக்காட்டு, உக்ரைனில் ஜெர்மானியரைச் சுற்றிவளைத்த கோர்சுன் சண்டை. 1944 ஜனவரியில் 6-ஆவது டாங்கிப் படை உருவானபோது அதற்கென்று தனித் தலைமையகமே கிடையாது. 5-ஆவது காவலர் கோரின் தலைமையகத்தையே படைத் தலைமையகமாகவும் வேலை செய்ய வைத்தார்கள். கோரின் வானொலிகள், கோரின் அதிகாரிகள், வேலை மட்டும் இரண்டு மடங்கு. டாங்கிகளும் சுயவியக்கப் பீரங்கிகளும் சேர்ந்து இருநூறு அளவு. மற்ற டாங்கிப் படைகளில் ஒரு கோருக்குத்தான் இது காணும். ஜனவரி 26-ஆம் தேதி தாக்குதல் தொடங்கி உடனே தடுக்கப்பட்டது. மொத்தப் படையும் தள்ளிக்கொண்டு நிற்காமல், ஜெனரல் சவேல்யேவின் தலைமையில் 233-ஆவது டாங்கி பிரிகேடை மையமாக வைத்து ஒரு முன்னணிப் பிரிவு கட்டி, கிடைத்த இடுக்கில் உள்ளே விட்டார்கள். ஜனவரி 28-ஆம் தேதி அந்தப் பிரிவு ஸ்வெனிகொரோத்காவில் ரோத்மிஸ்திரோவின் டாங்கிகளைச் சந்தித்தது. 233-ஆவது பிரிகேடு ஓட்டியவை அமெரிக்க ஷெர்மன்கள் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். இது பின்னால் தேவைப்படும்.

ருமேனியா பக்கம் நடந்த யாசி–கிஷினேவ் தாக்குதலில் முதல் நாளிலேயே, 1944 ஆகஸ்டு 20 பிற்பகலில், படை உடைப்புக்குள் இறக்கப்பட்டது. அந்த மாத இறுதிக்குள் ஃபோக்‌ஷானி இடைவெளியும் புளோயெஷ்தி எண்ணெய் வயல்களும் கைக்கு வந்தன. செப்டம்பர் 12-இல் 'காவலர்' பெயர். அடுத்த நாளே அவருக்குக் கர்னல் ஜெனரல் பதவி. பிறகு கார்பேத்திய மலைகள், ஹங்கேரி, வியன்னா, செக்கோஸ்லோவாக்கியா. இவற்றில் ஒவ்வொன்றும் தனிக் கடிதத்துக்கு உரியது, விட்டுவிடுகிறோம். மலையில் டாங்கி ஓட்டிய பழக்கம் இந்தப் படைக்குத்தான் இருந்தது என்பது மட்டும் முக்கியம். ஜப்பானியர் வசம் இருந்த மஞ்சூரியாவை மேற்கிலிருந்து தாக்கவிருந்த, மார்ஷல் மாலினோவ்ஸ்கியின் டிரான்ஸ்பைக்கால் போர்முனைக்கு இந்தப் படையைத் தேர்ந்தெடுத்தது அதனால்தான்.

இனி கிங்கான், மஞ்சூரியாவின் மேற்கே குறுக்கிடும் மலைத்தொடர்.

ஐரோப்பாவில் இருந்த டாங்கிகளை அங்கேயே விட்டுவிட்டு, ஆட்கள் மட்டும் பல ஆயிரம் கிலோமீட்டர் ரயிலில் மங்கோலியாவின் சொய்பல்சானுக்கு வந்தார்கள். அங்கே புது டி-34-85-களும், 9-ஆவது காவலர் எந்திரக் கோருக்குப் புது ஷெர்மன் எம்4ஏ2-களும் காத்திருந்தன. அங்கிருந்து எல்லைக்கு அருகே தம்சாக்-புலாக் வரை சொந்தப் பட்டையிலேயே பாலைவன நடை. பகல் வெயிலைத் தவிர்க்கப் பெரும்பாலும் இரவுப் பயணம். அந்தப் போர்முனை முழுவதற்குமாக ஆயிரத்துக்கு மேற்பட்ட கிணறுகள் தோண்டினார்கள். மனிதர் குடிக்க மட்டும் அல்ல. ஒரு டி-34-இன் ரேடியேட்டர் அமைப்பு 80 லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர் கொள்ளும், பாலை வெயிலில் அது கொதித்துக் குறைந்துகொண்டே இருக்கும்.

தூசி அடுத்த எதிரி. 1942-இல் அமெரிக்காவின் அபர்தீன் சோதனைத் தளத்துக்கு ஒரு டி-34 அனுப்பப்பட்டது. அது 343 கிலோமீட்டரில் எஞ்சின் தேய்ந்து நின்றுபோனது. காரணம் ஏர் ஃபில்டர். தூசியைப் பிடிக்கவே இல்லை, மண் நேராகச் சிலிண்டருக்குப் போயிற்று. பிற்கால வண்டிகளில் காற்றைச் சுழற்றித் தூசியைப் பிரிக்கும் 'மல்ட்டிசைக்ளோன்' ஃபில்டர் வந்தது. அந்த மாற்றம் வராமல் இருந்திருந்தால் 1945-இல் கோபிப் பாலையின் ஓரத்தை இந்தப் படை தாண்டியிருக்காது. ஃபில்டரைக் கழற்றி, சேர்ந்த தூசியை அகற்றிச் சுத்தம் செய்வதைப் பாலைநிலத்தில் ஒவ்வொரு நிறுத்தத்திலும் செய்ய வேண்டும். ஒருமுறை சோம்பினால் எஞ்சினின் ஆயுளில் பாதி போகும். (அந்த 38.8 லிட்டர், 12 சிலிண்டர் வி-2 எஞ்சினின் வம்சம்தான் டி-72, டி-90 டாங்கிகளுக்காக நம் ஆவடி எஞ்சின் தொழிற்சாலையில் தயாராவது. ஃபில்டர் பராமரிப்பைப் பற்றிய எச்சரிக்கை இன்றைக்கும் அப்படியே பொருந்தும்.)

படையின் பலம் 1,019 டாங்கிகளும் சுயவியக்கப் பீரங்கிகளும். மாலினோவ்ஸ்கி செய்த முடிவு அசாதாரணமானது: வழக்கமாகக் காலாட்படை உடைத்த பிறகு உள்ளே போகும் டாங்கிப் படையை முதல் வரிசையிலேயே நிறுத்தினார். 1945 ஆகஸ்டு 9 அதிகாலையில் பெரும் பீரங்கித் தாக்குதல் ஏதும் இல்லாமல் எல்லையைத் தாண்டினார்கள். முதல் நாளே முன்னணிப் பிரிவுகள் 150 கிலோமீட்டர் போயின. பெரிய கிங்கான் மலையை டாங்கிகள் தாண்ட மாட்டா என்று நம்பி, ஜப்பானியர்கள் கணவாய்களைக் காக்காமல் பின்னால் சமவெளியில் நின்றிருந்தார்கள்.

மலையில் என்ன நடந்தது? முன்னே போய்க்கொண்டிருந்தது ஷெர்மன்களின் 9-ஆவது கோர். அதைப் பின்னுக்கு இழுத்து, டி-34-களின் 5-ஆவது காவலர் கோரைக் கிராவ்சென்கோ முன்னுக்கு விட்டார். இதைச் சிலர் அமெரிக்க வண்டி மட்டம் என்பதற்குச் சான்றாகக் காட்டுவார்கள். அப்படிச் சொல்வது நியாயம் அல்ல. ஸ்வெனிகொரோத்காவை எட்டியது ஷெர்மன்தான். காரணம் எரிபொருளும் தரையும். எம்4ஏ2-இல் இரண்டு டீசல் எஞ்சின்கள் இணைந்து ஓடும். தொட்டி சுமார் 560 லிட்டர். டி-34-85-இன் உள்தொட்டி 545 லிட்டர், வெளியே தலா 90 லிட்டர் பீப்பாய்கள். தொட்டி அளவு ஏறக்குறைய ஒன்றுதான், ஆனால் ஏற்றத்திலும் மணலிலும் ஷெர்மன் வேகமாகக் குடித்தது. பட்டை அகலம் வழக்கமான ஷெர்மனில் 42 சென்டிமீட்டர், டி-34-இல் 50 சென்டிமீட்டர். உயரமும் ஷெர்மனுக்கு அதிகம். பக்கச் சரிவில் சாயும் பயம். ஷெர்மனின் நன்மைகள், அதாவது நம்பகமான எஞ்சின், ரப்பர் பட்டையின் அமைதி, நல்ல வானொலி, தார்ச்சாலையில் தெரியும், கணவாயில் தெரியாது. டி-34-இலும் ஒரு தொல்லை உண்டு: வெளிப்பீப்பாய்கள் எஞ்சினோடு இணைந்தவை அல்ல. நிறுத்தி, இறங்கி, கையால் உள்தொட்டிக்கு மாற்ற வேண்டும்.

5-ஆவது கோர் சகான்-தாபோ கணவாயை ஆகஸ்டு 10-ஆம் தேதி இரவில், மழையில், 40 கிலோமீட்டர் தூரத்தை ஏழு மணி நேரத்தில் தாண்டியது. மணிக்கு ஆறு கிலோமீட்டருக்கும் குறைவு. வேகமாக நடக்கிற மனிதரின் நடை. டி-34-இல் திரும்புவதற்குப் பக்கவாட்டுக் கிளட்சை விலக்கி ஒரு பக்கப் பிரேக்கை இழுக்க வேண்டும். வளைவுக்கு வளைவு இதைச் செய்தால் கிளட்ச் தட்டுகள் சூடேறி வளையும், பிறகு வழுக்கும். இறக்கத்தில் கியரைத் தளர்த்தினால் வண்டி கையில் நிற்காது; எஞ்சினாலேயே தடுத்து இறக்க வேண்டும். மழையில் களிமண் பாதை சோப்பு மாதிரி. முன்னால் சில வண்டிகள் போனதுமே பாதை குழம்பிவிடும். பின்வரிசை லாரிகளை டாங்கியும் டிராக்டரும் கட்டி இழுத்தன.

12-ஆம் தேதிக்குள் மலையின் கிழக்கே லூபெய், டூச்சுவான் ஊர்கள் கைக்கு வந்தன. அங்கே படை நின்றுவிட்டது. எதிரி நிறுத்தவில்லை, தொட்டி காலி. இதை ஒரு பிழையாகவே பார்க்க வேண்டும் என்பது எங்கள் எண்ணம், ஆனால் யாருடைய பிழை என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு வண்டிக்கு 500 லிட்டர் என்று வைத்தால்கூட ஆயிரம் வண்டிகளுக்கு ஒருமுறை நிரப்ப 5 லட்சம் லிட்டர். இரண்டரை டன் ஏற்றும் ஸ்டூடிபேக்கர் லாரியில், 200 லிட்டர் பீப்பாய்களின் எடையையும் சேர்த்தால், பன்னிரண்டு பீப்பாய்க்குமேல் ஏற்ற முடியாது. அதாவது, ஒரே ஒரு நிரப்புக்கு இருநூறு லாரி நடை. கிடங்கோ முந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால், மலைக்கு அந்தப் பக்கம். லாரி போய்வர ஒரு பீப்பாய்க்கு மேல் பெட்ரோலைத் தானே குடிக்கும். டாங்கிக்கு டீசல், லாரிக்கும் எஸ்யு-76 பீரங்கி வண்டிக்கும் பெட்ரோல் என்று இரண்டு வகை வேறு. டாங்கிகள் உழுது போன கணவாய்ச் சேற்றில் அந்த லாரிகள் வரவேண்டும். படையின் வேகமே படையின் வழங்கல் பாதையைக் கெடுத்தது. முன்னேற்றம் திட்டமிட்டதைவிட முன்னதாக முடிந்ததால், வழங்கல் அட்டவணை அதற்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது.

கிராவ்சென்கோ இரண்டு காரியம் செய்தார். ஒன்று, போக்குவரத்து விமானங்களில் எரிபொருளை இறக்கச் செய்தது. சமவெளியில் தட்டையான புல்தரைகளே ஓடுதளங்கள் ஆயின. இரண்டாவது, எங்கள் பார்வையில் இதைவிடத் துணிச்சலானது: பெரும்பாலான டாங்கிகளிலிருந்து மிச்ச எரிபொருளை வடித்து, பிரிகேடு அளவுள்ள முன்னணிப் பிரிவுகளுக்கு மட்டும் நிரப்பினார். ஒரு டாங்கிப் படைத் தளபதி தன் டாங்கிகளில் பெரும்பகுதியைத் தானே அசையாத இரும்பாக்கி வயலில் விட்டுப் போவது எளிய முடிவு அல்ல. எதிரி வலுவாக வந்திருந்தால் அவை எரிபொருள் இல்லாத இலக்குகள். வரமாட்டான் என்று கணித்தார், கணிப்பு பலித்தது.

பிறகு மழை. ஆகஸ்டு நடுவில் மஞ்சூரியச் சமவெளி ஏரியானது. தொங்லியாவோவுக்குத் தெற்கே பட்டை நிற்கத் தகுந்த ஒரே மேடு ரயில் பாதைதான். நூறு கிலோமீட்டருக்கு மேல் தண்டவாளத்தின் மேலேயே போனார்கள். ஒரு பட்டை தண்டவாளங்களுக்கு நடுவே, மறுபட்டை கரையின் ஓரத்தில். ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு குலுக்கல். அந்தக் குலுக்கலில் சக்கர ரப்பர் உரியும், பட்டை ஆணிகள் தளரும், எஞ்சின் தாங்கிகள் விரியும். சிறு பாலங்களில் இருபக்கமும் ஒரு சாண் இடைவெளிகூட இல்லை. ஆட்கள் முன்னே நடந்து கைகாட்ட, வண்டி பின்னே ஊர்ந்தது. மஞ்சூரியாவின் பெருநகரமான மூக்தனில் சோவியத் விமானப் பிரிவு ஆகஸ்டு 19-ஆம் தேதி இறங்கியது. டாங்கிகள் 21-ஆம் தேதி வாக்கில் போய்ச் சேர்ந்தன. எல்லையிலிருந்து எண்ணூறு கிலோமீட்டருக்கு மேல், பன்னிரண்டு, பதின்மூன்று நாளில். அதற்குப் பின்னும் நிற்காமல், பல வண்டிகளை ரயிலில் ஏற்றி டைரன், போர்ட் ஆர்தர் துறைமுகங்கள்வரை போனார்கள்.

ஜப்பானியர் எதிர்க்கவே இல்லையே, இதில் என்ன பெருமை என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. குர்ஸ்க்கையும் கோர்சுனையும் இதோடு ஒப்பிட நாங்கள் வரவில்லை. அங்கே எரிந்த வண்டிகளுக்குள் மனிதர்கள் இருந்தார்கள். ஆனால் டாங்கிப் படைத் தளபதியின் தொழில் சுடுவது மட்டும் அல்ல. ஆயிரம் வண்டிகளைத் தண்ணீரும் சாலையும் இல்லாத நிலத்தில் நகர்த்தி, மறுபக்கத்தில் ஓடும் நிலையில் கொண்டுவந்து சேர்ப்பதும் அதே தொழில்தான். எதிரி எதிர்க்காததற்கே காரணம், அந்த வழியாக யாரும் வர முடியாது என்று அவன் நம்பியது. வந்தது 6-ஆவது காவலர் டாங்கிப் படை.

1945 செப்டம்பர் 8-ஆம் தேதி அவருக்கு இரண்டாவது முறை 'சோவியத் யூனியன் வீரர்' பட்டம் தரப்பட்டது. ஒப்பிட்டுப் பாருங்கள், தங்கள் கட்டுரையில் பெரிய படம் போட்ட ரோத்மிஸ்திரோவுக்கு அந்தப் பட்டம் ஒரே ஒரு முறை, அதுவும் 1965-இல்தான் கிடைத்தது. பதவியில் கதை நேர்மாறு. ரோத்மிஸ்திரோவ், ரிபால்கோ, பக்தானோவ், கத்துகோவ் நால்வரும் மார்ஷல் ஆனார்கள். லெலியுஷென்கோ முழு ஜெனரல் ஆனார். கிராவ்சென்கோ கர்னல் ஜெனரலாகவே 1955-இல் ஓய்வு பெற்றார். 1963 அக்டோபர் 18-ஆம் தேதி மாஸ்கோவில் இறந்தார். நட்சத்திரம் குறைந்த தோள்பட்டை என்பதாலேயே தொகுப்புக் கட்டுரைகளில் அவர் விடுபட்டுப்போகிறார் என்று நினைக்கிறோம்.

ஆகவே அடுத்த இதழின் பிழைதிருத்தத்தில் மூன்றை மட்டுமாவது வெளியிடக் கேட்டுக்கொள்கிறோம். டாங்கிப் படைகள் ஆறு, ஐந்து அல்ல. தெஸ்னாவில் டி-34 நீந்தவில்லை. லெத்கி அருகே அடைத்து மூடிய வண்டிகள் ஆற்றுத் தரையில் ஊர்ந்து கடந்தன. சோவியத் டாங்கிப் படைகளின் கடைசி நடவடிக்கை 1945 மே மாதப் பிராகா அல்ல. 1945 ஆகஸ்டு மஞ்சூரியா. இடம் இருந்தால் கிராவ்சென்கோவின் படம் ஒன்றையும் போடுங்கள்.

இப்படிக்கு,
கவச வாகனப் பராமரிப்பில் பணியாற்றி ஓய்வுபெற்ற வாசகர்கள்,
ஆவடி.